நடைச்சாமியும் எங்கள் வீட்டுக் கிடாவும்

13 பிப்ரவரி 2025, வியாழன்

திருப்புதல் தேர்வில் சமூக அறிவியல் எளிதாக இருந்தது. விடைகளை வீட்டில் சரிபார்க்கலாம் என்று வினாத்தாளைக் கொண்டுவந்தேன். எனக்கு முன்னால் மேனேஜர் சரிபார்த்துவிட்டான். இரண்டாம் பக்கம் அவன் வயிற்றில்.

மேனேஜர் எங்கள் கிடா. என் அப்பா, எங்கள் பேச்சில் அய்யா, நடத்தும் டீக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் முறைப்பதால் நான் வைத்த பெயர். போன வருடம் எனக்கு மஞ்சள்காமாலை முற்றியபோது, மகள் பிழைத்தால் ஒரு கிடா வெட்டுவதாக அம்மா முனியய்யாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்துவிட்டேன். சிவராத்திரிக்கு எங்கள் குலசாமியான அவர் கோயிலில் மாசிக்களரித் திருவிழா, அன்றோடு மேனேஜர் கதை முடிந்துவிடும். முனியய்யாவுக்குக் கிடா, அம்மாவுக்கு மகள், எனக்கு உயிர். எல்லாருக்கும் லாபமான ஒப்பந்தம். மேனேஜரிடம் மட்டும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அம்மா தேவிபட்டினத்தில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள். அய்யா வைத்த ரசத்தை மேனேஜர்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தான்.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று கடைக்கு ஒரு சாமியார் வந்தார். வந்தார் என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் பெஞ்சில் விழுந்தார்.

மழித்த தலை, மழிக்காத தாடி, காவி வேட்டி. கையில் மூங்கில் கம்பு, கம்பின் நுனியில் சின்னக் கொடி. கொடியில் ‘காசி முதல் ராமேஸ்வரம் வரை பாதயாத்திரை’ என்று எழுதியிருந்தது. ஈரோட்டுப் பக்கத்துக்காரராம். ஆடி மாதம் காசியில் ஒரு செம்பில் கங்கை நீர் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாராம். வண்டி ஏறுவதில்லை, மிருகம் இழுக்கும் வண்டியிலும் உட்காருவதில்லை என்று விரதம். சிவராத்திரியன்று ராமநாதசுவாமிக்கு அந்தக் கங்கையால் அபிஷேகம் நடக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் ஈரோட்டுப் பக்தர்கள் மேளத்தோடு காத்திருக்கப் போகிறார்கள்.

எங்கள் வேதாளை ஊருக்குப் பிரியும் விலக்கிலிருந்து ராமேஸ்வரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பாதி இந்தியாவை நடந்த முழங்கால், இந்த இருபத்தைந்தைத்தான் முடியாது என்கிறது. வலது முட்டி சின்னப் பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

ஊரில் அதற்குள் ‘நடைச்சாமி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடக்க முடியாமல் உட்கார்ந்த பிறகு கிடைத்த பெயர்.

அவர் தன்னை ‘நான்’ என்று சொல்வதில்லை. ‘இந்த உடம்பு’ என்கிறார். “இந்த உடம்புக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீங்க” என்றார். அய்யா உடம்புக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். உடம்பு இரண்டாவது டீயும் கேட்டது.

கங்கைச் செம்பு தரையில் படக்கூடாதாம். கடை முன்னால் இருக்கும் வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். வாயைச் சிவப்புத் துணியால் மூடிக் கட்டியிருக்கிறது. பிறகு மிருகங்களைப் பற்றி ஒரு பிரசங்கம்.

“காளை எவ்வளவு இழுக்குது. முனகுதுங்களா? கழுதை எவ்வளவு சுமக்குது. புலம்புதுங்களா? வலிக்குதுன்னு சொல்ற ஒரே பிராணி மனுசன்தானுங்க.”

சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். நீட்டும்போது ‘அய்யோ’, ‘அம்மா’, ‘சிவனே’ மூன்றும் வரிசையாக வந்தன. மேனேஜரும் அப்படி ஒன்றும் மௌனி இல்லை. போன மாதம் அவன் குளம்பில் கருவேல முள் ஏறியபோது போட்ட கத்தலில், யாரையோ அடிக்கிறார்கள் என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது.

சாமியிடம் இதைச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

15 பிப்ரவரி, சனி

அதிசயம்! அதிசயம்! — என்று அய்யா கத்தியதில்தான் விழித்தேன்.

சாமி காலையில் செம்பை இறக்கியிருக்கிறார். கனத்திருக்கிறது. துணியை அவிழ்த்தால், முக்கால் செம்பாக இருந்த கங்கை விளிம்பு வரை நிற்கிறது. “கங்கை பெருகிட்டாளுங்க!” என்று சாமி கண்ணீர் விட்டார். “துணியப் பாருங்க, புதுசு மாதிரி ஜொலிக்குது!” அய்யா அப்படியே ரோட்டில் விழுந்து கும்பிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதையும் சங்கநாதம் என்று யாரோ சொன்னார்கள்.

மதியத்துக்குள் கடை நிறைந்துவிட்டது. சாமிக்கு முட்டியில் வீக்கம். அய்யாவுக்கு வியாபாரத்தில் வீக்கம்.

மாலை — அம்மா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள். முகம் வெளிறியிருந்தது.

“ஏத்தா, அந்தச் செம்புல என்ன இருந்துச்சு?”

“கங்கைத் தண்ணி. ஏன்?”

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அம்மா முதல் பஸ்ஸில் தேவிபட்டினத்திலிருந்து வந்திருக்கிறாள். பெஞ்சில் யாரோ சாமியார் தூங்குகிறார். மரத்தில் ஒரு செம்பு. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பாதயாத்திரைக்காரர் யார் வாசலில் படுத்தாலும், அவர் எழுவதற்குள் அவருடைய செம்பில் பழைய தண்ணீரை மாற்றிப் புதுத் தண்ணீர் நிறைத்து வைப்பார்கள். கேட்டுவிட்டுச் செய்தால் உபசாரம் ஆகாது. பழைய தண்ணீரைக் கீழே கொட்டவும் மாட்டார்கள். தண்ணீரைக் கொட்டும் பழக்கமே ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிடையாது. ஆட்டுக்கு ஊற்றுவார்கள்.

“பாசி வாடை அடிச்சுச்சுடி. பாவம், மனுசன் இதையா குடிச்சுக்கிட்டு வாராருன்னு நெனச்சேன். துணியும் அழுக்கா இருந்துச்சு, சோப்புப் போட்டு அலசிக் கட்டுனேன்.”

“தண்ணி?”

“மேனேஜர் ஒரே உறிஞ்சுல குடிச்சிட்டான். சட்டியையும் நக்குனான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் வந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள். “யார்ட்டயும் சொல்லிறாத. சாமி சாபம் விட்டுட்டார்னா?”

ஏழு மாதம் ஒரு மனிதர் நடந்து சுமந்ததை எங்கள் ஆடு ஒரே மூச்சில் முடித்துவிட்டது. செம்பில் இப்போது இருப்பது எங்கள் வாசல் குழாய்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பெருகிய கங்கையை ஊருக்கும் பங்கிடலாம் என்று அய்யா யோசனை சொல்ல, ஆளுக்கு ஒரு உத்தரணி தீர்த்தம் என்று முடிவானது. அபிஷேகத்துக்குப் பாதிச் செம்பு போதுமாம். வரிசை உச்சிப்புளி ரோடு வரை நின்றது.

முதல் உத்தரணியைச் சாமி தன் வாயில் விட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். அவர் முகம் அப்படியே நின்றது.

இந்த வாரம் குழாயில் பிளீச்சிங் பவுடர் தாராளம். எங்களுக்குப் பழகிய ருசி. அதனால்தான் வரிசையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. “ஆகா, கங்கைன்னா கங்கைதான்யா” என்று தினமும் அதையே குடத்தில் பிடிக்கிற முருகம்மாள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமி ரோட்டோரக் குழாயைப் பார்த்தார். குழாயடியில் வரிசை நின்ற குடங்களைப் பார்த்தார். வரிசை நின்ற பக்தர்களைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகத் தெரிந்துவிட்டது.

பிறகு இரண்டாவது உத்தரணியை எடுத்து, நீட்டிய கையில் விட்டார்.

மின்ஹா என் காதில் சொன்னாள்: “வாசம் எங்க வீட்டு மோட்டார் தொட்டி மாதிரியே இருக்கே.” மின்ஹா பக்கத்து வீடு, என் வகுப்பு. அவளிடம் எதையும் மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன். மூன்று நிமிடம் சத்தமில்லாமல் குலுங்கினாள். “அல்லாவே, உங்க ஆட்டுக்கு வந்த வாழ்வு!”

18 பிப்ரவரி, செவ்வாய்

முட்டியைப் பார்க்க ஒரு டாக்டர் வந்தார். “இன்னும் ஒரு நாள் நடந்தீங்கன்னா, அதுக்கப்புறம் எப்பவும் நடக்க முடியாது” என்றார். சாமி கேட்டுக்கொண்டார். டாக்டர் போனதும், “இந்த உடம்பு நடந்தே தீரும்” என்றார். எந்த உடம்பு என்று தெரியவில்லை. பெஞ்சில் இருக்கிற உடம்பு எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதற்கே இரண்டு பேர் வேண்டும்.

மாலையில் கடையில் மாநாடு. மின்ஹாவைப் பெற்ற அத்தா சதக் மாமா ஒரு சக்கர நாற்காலி கொண்டுவருவதாகச் சொன்னார். சக்கரம் இருந்தால் அது வண்டியா இல்லையா?

“மோட்டார் இல்லாட்டி வண்டியில்ல” என்றார் அய்யா.

“அப்ப மாட்டுவண்டி?” என்றார் சதக் மாமா.

“அதுல மாடு இருக்கு.”

“இதுல நீ தள்ளுவ மாப்ள.”

அய்யா மாட்டுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தொடங்கினார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாமி மறுபடியும் காளை, கழுதை. கடையில் சுற்றும் மூன்றுகால் நாயைக் காட்டி, “பாருங்க, முனகுதா?” என்றார். இந்த முறை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “சாமி, விலங்குகள் வலியை மறைச்சுத்தான் வைக்குமாம். நொண்டுறது தெரிஞ்சா வேட்டை மிருகம் அதைத்தான் முதல்ல பிடிக்கும். நூலகத்துல படிச்சேன்” என்றேன்.

“படிக்கிற புள்ளைங்களா” என்றார் அய்யாவிடம். என்னவோ வியாதியைக் கண்டுபிடித்த மாதிரி.

19 பிப்ரவரி, புதன்

நடந்தார்!

காலையில் கொடிக்கம்பை ஊன்றிக் கிளம்பினார். அய்யா வேட்டு போட்டார். வேட்டுக்குப் பயந்து மேனேஜர் அவருக்கு முன்னால் பாய்ந்து ஓடினான். கங்கையே வழிகாட்டிப் போகிறது என்று எனக்கும் அம்மாவுக்கும் மின்ஹாவுக்கும் மட்டும் தெரிந்தது.

மரைக்காயர்பட்டினம் வளைவு வருவதற்குள் சாமி ரோட்டோரம் சரிந்துவிட்டார். மண்டபத்திலிருந்து மீன் பெட்டிகளோடு வந்த சதக் மாமா, லோடு ஆட்டோவை நிறுத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். “சாமி, கோவிச்சுக்கிறாதீங்க, ஐஸ் உருகுது. விரதத்தப் பத்தி விசாரிச்சுக்கிட்டு நிக்க நேரமில்ல.”

விரதம் முறிந்ததா? அய்யா தீர்ப்புச் சொன்னார்: “திரும்பி வந்தது கணக்குல சேராது. முன்னாடி போனாத்தான் பாவம்.”

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா முட்டிக்கு ஒத்தடம் வைக்கப் போனபோது சொன்னார்:

“எனக்கு ரொம்ப வலிக்குதுங்க.”

உடம்புக்கு இல்லை. எனக்கு.

20 பிப்ரவரி, வியாழன்

உண்மை வெளியே வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஐந்து நாளாக மனதுக்குள் வசனம் தயார் செய்ததோடு சரி.

உச்சிப்புளியிலிருந்து ஒரு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. தீர்த்தம் ஒரு சொட்டு விட்டால் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாமி தயங்கினார். கூட்டம் ‘விடுங்க சாமி, விடுங்க’ என்றது. உத்தரணியை எடுத்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு பாய்ந்தாள்.

“சாமி! பச்சப்புள்ளைக்குக் கொதிக்க வைக்காமக் குடுத்துறாதீக! அது குழாத் தண்ணி!”

எல்லாம் சொன்னாள். செம்பு, பாசி, சோப்பு, சட்டி, மேனேஜர். அய்யா ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே அந்தரத்தில் நின்றது.

“என்னையச் சபிச்சிராதீக” என்று அம்மா அழுதாள்.

சாமி உத்தரணியைச் செம்பில் திரும்பப் போட்டார். மெல்ல, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி: “தெரியுமுங்க. மூணு நாலு நாளாவே தெரியும்.” எனக்கும் கேட்டது. அந்த அக்காவைப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கம்மா, இப்பவே” என்றார். சதக் மாமா வண்டியில் அனுப்பினோம்.

பிறகு யாரோ கேட்டார்கள். “அப்ப கங்கை எங்க?”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மேனேஜர் பாதயாத்திரைக் கொடியை மென்றுகொண்டிருந்தான். ‘ராமேஸ்வரம்’ போய்விட்டது. ‘காசி’ மட்டும் மிச்சம்.

21 பிப்ரவரி, வெள்ளி

பள்ளியில்: “உங்க ஆடு மே-ன்னு கத்துமா, ஹர ஹர-ன்னு கத்துமா?” அந்தக் குழந்தை தேறிவிட்டதாம்.

22 பிப்ரவரி, சனி

நான் மனிதர்களைப் பற்றி உயர்வாக நினைத்திருந்தேன் போல. எட்டு நாளில் நிறையக் குறைந்துவிட்டது.

அவர்கள் சாமியை அடிக்க வருவார்கள் என்று நான் பயந்தேன். வந்தார்கள், மாலையோடு. சாமிக்கு இல்லை, மேனேஜருக்கு. கங்கை இப்போது அவனுக்குள் இருக்கிறதல்லவா? செவ்வந்தி மாலை போட்டார்கள். தின்றான். அருகம்புல் மாலை போட்டார்கள். நன்றியோடு தின்றான். நெற்றியில் விபூதி பூசினார்கள், முட்டினான். முட்டு வாங்கியவர் பாக்கியசாலி என்று மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஒருவர் காலி வாட்டர் பாட்டிலோடு மேனேஜரின் பின்பக்கமாகவே பொறுமையாக நின்றார். உள்ளே போன கங்கை வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

அய்யா இரவோடிரவாக பிளக்ஸ் அடித்துவிட்டார்: ‘கங்கைக் கிடா தரிசனம் — டீ, வடை கிடைக்கும்’.

பின்பக்கப் பெஞ்சில் சாமி ஒரு டீ கேட்டார்.

“செத்த பொறுங்க சாமி, கூட்டமா இருக்கு” என்றார் அய்யா.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று சாமியிடம் நானே டீ கொண்டுபோனேன். கூட்டம் சாப்பிடப் போயிருந்தது. மேனேஜர் முன்னங்கால் இரண்டையும் மடக்கி மண்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் உதிர்ந்த வேப்பங்கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஆடுகளுக்கு முட்டியில் காய்ப்பு உண்டு. அவனுடையதைச் சாமி உற்றுப் பார்த்தார், தன்னுடையதையும் பார்த்தார்.

“நான் ஏழு மாசம் சுமந்தேன். கிடைச்சது இந்த முட்டி. அவன் ஒரு வாய் குடிச்சான். மாலை மேல மாலை.”

“பொறாமையா சாமி?” கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஆமாம் புள்ளை. நேத்தெல்லாம் தாங்க முடியலை. ஒரு ஆட்டு மேல பொறாமைப்படறதுக்குத்தான் சந்நியாசம் வாங்கினேனாட்ட இருக்குது.”

கொஞ்ச நேரம் மூன்றுகால் நாயைப் பார்த்தார். அது ஈயைத் துரத்திக்கொண்டிருந்தது.

“அதுக்கு ஒரு கால் இல்லைன்னு நமக்குத்தான் தெரியுது. அதுக்குத் தெரிஞ்சது, கால் இருக்குது, அவ்வளவுதான்” என்றார். “அன்னைக்குச் சொன்னியே, வேட்டை மிருகத்துக்குப் பயந்து வலியை மறைக்கும்னு. நாக்பூர்லயே இந்த முட்டி போயிருச்சு. நின்னுருக்கலாம். பின்னாடி பத்துப் பேர் போட்டோ எடுத்துட்டே வந்தாங்க. நொண்டினா விட்டுட்டுப் போயிருவாங்கன்னு நிமிர்ந்து நடந்தேன்.”

“அவங்க வேட்டை மிருகமா சாமி?”

“பக்தர்கள் புள்ளை” என்றார். அதோடு டீயைக் குடித்துவிட்டார்.

அவரைக் கேலி செய்ய இன்றைக்கு எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: என் புத்தகத்தில் இருந்த வரியை, ஒப்புக்கொள்ள ஐந்து நாள் எடுத்துக்கொண்டார்.

24 பிப்ரவரி, திங்கள்

மேனேஜரை வெட்டலாமா கூடாதா?

வெட்டினால் கங்கையைக் கொட்டிய பாவம். வெட்டாவிட்டால் முனியய்யா கோபம். “கங்கையோட சேர்த்து வெட்டுனா முனியய்யாவுக்கு ரெட்டைச் சந்தோசம்தான்” என்று ஒரு பங்காளி. வியாபாரம் இப்படிப் போகும்போது எவனாவது வெட்டுவானா என்பது அய்யாவின் பக்தி. அம்மா சாமியிடம் கேட்டாள்.

“என்னைக் கேக்காதீங்கம்மா. என்னோட விரதத்தையே எனக்குக் காப்பாத்தத் தெரியலை.”

கடைசியில் குலசாமி பூசாரிக்குப் போன் போட்டார்கள். அவர் ஒரு நொடியில் தீர்த்துவிட்டார். யாருக்காக நேர்ந்ததோ, அந்தப் பிள்ளையின் முடியைக் கொடுத்துவிட்டால் போதும்.

என் முடி! இடுப்புக்குக் கீழே தொங்குகிற என் சடை! அடுத்த மாதம் பொதுத்தேர்வு! எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வருகிற மையத்தில் நான் மட்டும் மொட்டையா?

என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன், பின்னால் படித்து நானே வெட்கப்பட வேண்டும். “முனியய்யாவுக்குக் கிடாதான் பிடிக்கும்மா! மாத்திக் குடுத்தா கோவிச்சுக்குவாரு!” என்று அழுதேன். மேனேஜரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்று இதே நோட்டில் எழுதியவள்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது சடையை யாரோ இழுத்தார்கள். மேனேஜர். நுனியிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

ஈரோட்டுப் பக்தர்கள் போன் மேல் போன். ராமேஸ்வரத்தில் மேளம், மாலை எல்லாம் தயாராம். “சாமி எங்க வந்துட்டீங்க?” சாமி, “கிட்ட வந்துட்டேனுங்க” என்கிறார். பத்து நாளாகக் கிட்டத்தான் இருக்கிறார்.

அய்யா ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். நாளைக்குச் சதக் மாமா லோடு ஆட்டோவில் போக வேண்டியது. ஊர் எல்லைக்கு முன்னால் ஆளில்லாத இடத்தில் இறங்க வேண்டியது. நாலு தெரு நொண்டினால் போதும், காசியிலிருந்து நடந்தது ஆகிவிடும். செம்பில் குழாய்த் தண்ணீர். “குழாயில வர்றதும் காவிரிக் கூட்டுக்குடிநீர்தான சாமி. என்ன குறைச்சல்?”

சாமி “செம்பை நிறைச்சுக் குடுங்கம்மா” என்று அம்மாவிடம் நீட்டினார்.

அவ்வளவுதானா? ஞாயிற்றுக்கிழமை பேசியதெல்லாம் டீயோடு போய்விட்டதா? எனக்கு எரிச்சலாக வந்தது.

“இறங்கி நடப்பாரு பாரு” என்றாள் மின்ஹா. “அழகா நொண்டுவாரு. ரீல்ஸ் வரும்.”

26 பிப்ரவரி, புதன்

மொட்டை. எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

27 பிப்ரவரி, வியாழன்

பள்ளிக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். மின்ஹா தன் தலைத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, “இந்தா, இத இழுத்தா அவுராது” என்று கட்டிவிட்டாள். சிரிக்காமல் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் சிரித்தாள்.

மாலையில் சதக் மாமா கடைக்கு வந்தார். எல்லாரும் சூழ்ந்துகொண்டோம்.

“எல்லை வந்துச்சு. ஆளில்லை. வண்டிய ஓரங்கட்டி, ‘இங்கன எறங்குறீகளா சாமி?’ன்னேன். பெட்டிகளுக்கு நடுவுல உக்காந்திருந்தாரு. ‘வேண்டாமுங்க பாய், நேராப் போங்க’ன்னுட்டாரு. நேரா மேளக்காரங்க முன்னாடியே போயி நின்னேன். சாமி மீன் பெட்டியப் பிடிச்சு எறங்குனாரு மாப்ள. மேளம் அடிச்சவன் அப்படியே நிறுத்திட்டான். மேலெல்லாம் மீன் வாடை!”

“என்ன கேட்டாங்க?” என்றேன்.

“கங்கை எங்கன்னு கேட்டாங்க. ‘ஆடு குடிச்சிருச்சுங்க’ன்னாரு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“‘அப்ப இது?’ன்னாங்க. ‘வேதாளைக் குழாத் தண்ணி. பிளீச்சிங் போட்டது’ன்னு சொல்லி, நின்ன எடத்துலயே செம்பைத் தூக்கிக் கடகடன்னு குடிச்சாரு. ‘அந்தத் தண்ணியத்தான் நாலு நாளு கங்கைன்னு குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்’னு வேற சொல்றாரு. நான் இருவது வருசமா ஐஸ் ஏத்துறேன் மாப்ள. அந்தக் கூட்டம் கரைஞ்ச மாதிரி என் ஐஸ் ஒரு நாளும் கரைஞ்சதில்ல.”

“மாலை?”

“கொண்டாந்தவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். பிளக்ஸ்ல இருந்த சாமி படத்துக்குப் போட்டுட்டுப் போயிட்டான்.”

“சாமி?”

“வெறுஞ் செம்போட கோயில் பக்கம் நொண்டிக்கிட்டே போனாரு. நல்லா நொண்டி, நல்லா முனகிக்கிட்டு.”

அய்யாவுக்கு மட்டும் தாங்கவில்லை. “எவ்வளவு அருமையான திட்டம்!” என்றார்.

2 மார்ச், ஞாயிறு

கங்கைக் கிடா தரிசனம் முடிவுக்கு வந்தது. நேற்று மேனேஜர் முட்டியதில் ஒருவருக்குப் பல் போய்விட்டது. அவர் அதைப் பாக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக்ஸின் கீழ்ப்பாதியை மேனேஜர் தின்றுவிட்டான். டீ, வடை கிடைக்கும் என்ற வரி போனதில்தான் அய்யாவுக்கு வருத்தம்.

பத்து மணிக்கு ராமேஸ்வரத்திலிருந்து வந்த மதுரை பஸ் விலக்கில் நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, நடைச்சாமி இறங்கினார். டிரைவருக்கும் டீ வேண்டியிருந்ததால் பஸ் நின்றது. கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்கள்.

“எனக்கு ஒரு டீங்க” என்றார். அய்யா உடனே போட்டார். கூட்டம் இல்லையே.

என்னைப் பார்த்தார். “துண்டை எடு புள்ளை.”

எடுத்தேன். என் தலையைப் பார்த்தார், தன் தலையைத் தடவிக்கொண்டார், சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் முட்டி ஆடி, “அய்யோ வலிக்குது, வலிக்குது” என்று கத்திக்கொண்டே சிரித்தார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் தலையில் இரண்டு நாள் முடி வளர்ந்திருந்தது. என்னுடையதைவிடக் குறைவுதான்.

“ஈரோட்டுல ஆபரேசன் பண்ணிக்கலாம்னு இருக்கறேன்” என்று அம்மாவிடம் சொன்னார். “பஸ்லயே போறேனுங்க. ஜன்னலோரம் கிடைச்சுருச்சு.”

அம்மாவின் கண் செம்பில் இருந்தது. கை பரபரப்பதை அடக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். கேட்டாள்.

“சாமி, இதுல… ஏதும் இருக்கா?”

“தண்ணிதானுங்க.”

“என்ன தண்ணி?”

“தண்ணிங்கம்மா.”

அம்மா இருந்த தண்ணீரை மேனேஜரின் சட்டியில் ஊற்றினாள். செம்பைக் கழுவி, குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் கை கொடுத்து, சாமியை முனகல்களோடு உள்ளே ஏற்றினார். சாமி செம்பைத் தன் காலடியில், பஸ்ஸின் தரையிலேயே வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மேனேஜர் ஒரே உறிஞ்சில் சட்டியைக் காலி செய்தான். அடியில் ஒரு வில்வ இலை ஒட்டியிருந்தது.

வெறும் தண்ணீரில் சிவன் கோயில் வில்வம் எப்படி வரும்? கேட்பதற்காக நிமிர்ந்தேன். பஸ் உச்சிப்புளிப் பக்கம் போய்விட்டது.

திரும்பிப் பார்ப்பதற்குள் மேனேஜர் அதையும் தின்றுவிட்டான்.